டிசம்பர் முடிந்த பிறகு யார் வாசிப்பது?

நவம்பர் நடுவில் சிங்கப்பூரில் பள்ளி விடுமுறை தொடங்கியதும் என் கைப்பேசிக்கு ஏறக்குறைய ஒரே மாதிரியான செய்திகள் வரத் தொடங்கிவிடும். "அக்கா, கிறிஸ்துமஸ் வாரத்தில் ஒரு தாதிமை இல்லத்துக்குப் போய் யுகுலேலே வாசிக்கலாம் என்று இருக்கிறோம், நீங்களும் வருகிறீர்களா?" சமூக மன்றத்தில் என்னோடு கற்றவர்களும், அவர்களுடைய பிள்ளைகளும், அலுவலக நண்பர்களும் கேட்பார்கள். 2018 முதல் நானும் முதியவர்களைப் பராமரிக்கும் இந்த இல்லங்களுக்குப் போய் வருகிறேன். இத்தனை நாள் ஒவ்வொருவரிடமும் வாய்மொழியாகச் சொல்லிவந்ததை இம்முறை எழுதிவிடலாம் என்று தோன்றியது.

முதலில் என் தவற்றைச் சொல்லிவிடுகிறேன். நான் முதன்முதலாகப் போனது ஒரு கிறிஸ்துமஸுக்கு முந்திய நாள். நாங்கள் பன்னிரண்டு பேர். ஒரே நிறச் சட்டை, இரண்டு ஒலிபெருக்கிகள். எங்களுக்கு முன்பு ஒரு குழு பாடி முடித்திருந்தது, எங்களுக்குப் பின்பு இன்னொரு குழு காத்திருந்தது. உணவுக்கூடத்தில் சக்கர நாற்காலிகளை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். இரண்டாவது பாட்டின்போது முன்வரிசையில் இருந்த முதியவர் ஒருவர் இரு கைகளாலும் காதுகளைப் பொத்திக்கொண்டார். நான் அவரைப் பார்த்துக்கொண்டேதான் வாசித்தேன். நிறுத்த வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. செவிப்புலன் கருவி அணிந்திருப்பவருக்கு ஒலிபெருக்கியின் சத்தம் எவ்வளவு கொடுமையாக இருக்கும் என்பதைப் பின்னர் ஒரு தாதி விளக்கினார். மூன்று குழுக்களும் அடுத்தடுத்துப் பாடி முடித்தபோது முதியவர்களின் மாலைத் தேநீர் நேரம் கடந்துபோயிருந்தது. நாங்கள் படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டோம். அந்த முதியவரிடம் மன்னிப்புக் கேட்க ஜனவரியில் போனபோது கூடம் அமைதியாக இருந்தது. சீனப் புத்தாண்டு வரை எந்தக் குழுவும் வரப்போவதில்லை என்று சொன்னார்கள்.

அன்றுதான் முதன்முறையாக ஒலிபெருக்கி இல்லாமல், ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, ஒரே ஒருவருக்காக வாசித்தேன். யுகுலேலே அதற்கென்றே பிறந்த கருவி என்று அப்போது புரிந்தது. நான்கு நைலான் தந்திகளும் மடியில் அடங்கும் உடலும் கொண்ட அதைக் கட்டிலுக்கும் திரைச்சீலைக்கும் இடையே உள்ள இடுக்கில் உட்கார்ந்துகூட வாசிக்கலாம். அதன் ஒலி பக்கத்துக் கட்டிலில் உறங்குபவரை எழுப்பாது. வாசிப்பவர் வாய் திறந்து பாடலாம், பேசலாம், கேட்பவரின் முகத்தைப் பார்க்கலாம். 2020 ஏப்ரலில் கொரோனா காரணமாக இல்லங்களுக்குள் வெளியார் நுழைவது நின்றுபோன பிறகு, கைக்கணினித் திரை வழியே சில முறை வாசித்தோம். திரையைப் பார்த்துப் புன்னகைத்தவர்கள் உண்டு. ஆனால் கையைத் தட்டித் தாளம் போட்டவர் ஒருவரும் இல்லை.

யுகுலேலே நம் முதியவர்களுக்கு அந்நியமான கருவி என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஒருநாள் மலாய்ப் பெரியவர் ஒருவர் என் மடியில் இருந்ததைக் காட்டி, "கெரொன்சோங்" என்றார். வீட்டுக்கு வந்து படித்த பிறகுதான் அவர் எவ்வளவு சரியாகச் சொன்னார் என்பது தெரிந்தது. போர்ச்சுகலின் மடீராத் தீவிலிருந்து 1879-இல் கப்பலேறி ஹவாய்க்குப் போன குடியேறிகள் கொண்டுசென்ற சிறு கித்தாரிலிருந்து யுகுலேலே பிறந்தது. அதற்கும் பல காலம் முன்பே போர்ச்சுகீசியர் நம் தென்கிழக்காசியக் கடற்கரைகளுக்குக் கொண்டுவந்த அதே வகைச் சிறு கித்தாரிலிருந்து கெரொன்சோங் இசை வளர்ந்தது. அந்தப் பெரியவர் இளமையில் கேட்டது என் கருவியின் ஒன்றுவிட்ட உடன்பிறப்பை. அடுத்த முறை, இந்தோனேசிய இசையமைப்பாளர் கெசாங் 1940-இல் இயற்றிய 'பெங்காவான் சோலோ' என்ற கெரொன்சோங் பாட்டை மெதுவாக வாசித்தேன். அவர் மலாயில் பாட, எதிர்க் கட்டிலில் இருந்த சீன மூதாட்டி அதே மெட்டைச் சீனத்தில் பாடினார். எனக்கு இரண்டு மொழியும் சரளமாக வராது. நான் மூன்று கார்டுகளை, அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டுகளை, மட்டும் மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அடுத்தது சுருதி. இதைப் பற்றி விடுமுறைக் குழுக்கள் யோசிப்பதே இல்லை என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். வயது ஏற ஏறப் பெண்களின் குரல் இறங்குகிறது. நாமோ இசைத்தட்டில் கேட்ட அதே சுருதியில் பழைய பாட்டை எடுக்கிறோம். ஆறு கட்டில்கள் கொண்ட ஓர் அறையில் தமிழ் பேசுபவர் ஒரே ஒரு பாட்டிதான். மியன்மாரிலிருந்தும் பிலிப்பீன்ஸிலிருந்தும் வந்த தாதியர், "தண்ணி", "வலி", "சாப்பாடு" ஆகிய மூன்று சொற்களை அவருக்காகவே கற்று வைத்திருந்தார்கள். கருப்பு வெள்ளைக் காலத்துப் பாட்டு ஒன்றை அவருக்காக ஐந்து கட்டை என்னும் உயர்ந்த சுருதியில் தொடங்கினேன். அவர் வாயைத் திறந்தார், குரல் உடைந்தது, உடனே முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். சுருதியை இறக்க வேண்டும் என்று புரிந்தது. தந்திகளை அழுத்திப் பிடிக்கும் காப்போ என்ற கவ்வியை மாட்டினால் சுருதி ஏறத்தான் செய்யும். அதைவிடத் தாழ்ந்த மூன்று கட்டைக்குரிய ஈ கார்டோ யுகுலேலேயில் விரல்களை முறுக்கிவிடும். எனவே அடுத்த வாரம் நான்கு தந்திகளையும் அரைச் சுரம் தளர்த்திவிட்டு, ஈ-யைவிட அரைச் சுரம் உயர்ந்த, பிடிக்க எளிதான எஃப் கார்டைப் பிடித்தேன். மூன்று கட்டை கிடைத்தது.

பாட்டி நான் வாசித்த பாட்டைப் பாடவில்லை. சற்று நேரம் கேட்டுவிட்டு, தன் ஊர் வயலில் பாடிய நடவுப் பாட்டு ஒன்றை எடுத்தார். ஐம்பதுகளில் ரஜூலா கப்பலில் நாகப்பட்டினத்திலிருந்து வந்தவர். காலையில் என்ன சாப்பிட்டார் என்பது அவருக்கு நினைவில் இல்லை, மகனின் பெயரும் சில நாட்களில் தவறிவிடும். ஆனால் பாட்டில் ஒரு சொல்கூடப் பிசகவில்லை. போர்வைக்கு மேல் வலக்கையின் மூன்று விரல்கள் மட்டும் எழுந்து எழுந்து விழுந்தன, நாற்றை ஊன்றுவதுபோல. நான் பின்னால் வேகமாக மீட்டிக்கொண்டு போனபோது பாட்டை நிறுத்திவிட்டு, "அவசரப்படாத புள்ள. குனிஞ்சு நடுறவ மூச்சு வாங்க வேணாமா?" என்று கேட்டார். முதுமை மறதி நோய் உள்ளவர்களிடம் இளமைக்காலப் பாட்டு நெடுநாள் தங்கியிருக்கும் என்று நான் படித்திருந்தேன். என் தாளத்தைத் திருத்தும் அளவுக்கு அது உயிரோடு இருக்கும் என்று எண்ணிப் பார்த்ததில்லை.

விடுமுறையில் போகாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள்; அவர்களைக் கண்டாலே மலரும் முகங்கள் அங்கே உண்டு. நான் கேட்பதெல்லாம், டிசம்பர் வருகையை முதல் வருகையாக வைத்துக்கொள்ளுங்கள் என்பதுதான். பன்னிரண்டு பேர் ஒரே நாளில் போவதைவிட இரண்டிரண்டு பேராக ஆறு மாதங்கள் போவது எவ்வளவோ மேல். பாட்டு வேண்டாம் என்று ஒருவர் கையசைத்தால் அந்தக் கட்டிலைக் கடந்துவிடுங்கள். பண்டிகைப் பலகாரத்தைத் தாதியைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். கெட்டிப்படுத்திய தண்ணீரையே சிரமப்பட்டு விழுங்குபவருக்கு ஒரு துண்டு முறுக்கு ஆபத்தாகிவிடும்.

நம் சமூகத்தவரிடம் தனியாக ஒரு வேண்டுகோள். தீபாவளிக்குத் தமிழர்கள் இல்லங்களுக்குப் போகிறோம், மறுக்கவில்லை. பொங்கல் இங்கே பொது விடுமுறை இல்லை. தைப்பூசமும் 1968 முதல் பொது விடுமுறையாக இல்லை. கிறிஸ்துமஸுக்கும் சீனப் புத்தாண்டுக்கும் நடுவில், இல்லங்கள் மிக அமைதியாக இருக்கும் அந்த ஜனவரி நாட்களில்தான் பெரும்பாலும் இரண்டும் வருகின்றன. நாள் பார்த்துப் போக வேண்டுமென்றால் நமக்கு இதைவிடப் பொருத்தமான நாள் எது? 2030-இல் சிங்கப்பூரர்களில் நான்கில் ஒருவர் 65 வயதோ அதற்கு மேலோ ஆனவராக இருப்பார் என்று அரசாங்கம் சொல்லிவருகிறது. அந்த நால்வரில் ஒருவராக நானும் விரைவில் ஆகிவிடுவேன். என் குரல் இறங்கிய பிறகு அதற்கேற்பத் தந்தியைத் தளர்த்தத் தெரிந்த ஒருவர் என் கட்டிலருகே வந்து உட்கார வேண்டும் என்று உண்மையாகவே ஆசைப்படுகிறேன்.

என்னோடு வர விரும்புபவர்கள் செய்தி அனுப்புங்கள். வியாழக்கிழமை பிற்பகல் இரண்டரைக்குத் தொடங்கி, மூன்றேகாலுக்குத் தேநீர் வருவதற்குள் முடித்துவிடுவேன். பாட்டியின் நடவுப் பாட்டில் இரண்டு பகுதிகளை எழுதிக்கொண்டேன். மூன்றாவதைப் போன வாரம் பாடத் தொடங்கினார், பாதியில் உறங்கிவிட்டார். இந்த வாரம் அதைக் கேட்டு எழுத வேண்டும்.