எல்ட்ரிட்ஜ் தெரு ஜெப ஆலயத்தில் சரிசெய்யாமல் விட்டவை

நியூயார்க்கின் லோயர் ஈஸ்ட் சைடில், இப்போது சைனாடவுனோடு சேர்ந்துவிட்ட பகுதியில், எல்ட்ரிட்ஜ் தெரு இருக்கிறது. சீன எழுத்துப் பெயர்ப்பலகைகளைப் பார்த்துக்கொண்டே போனால் நடுவில் ஒரு யூத ஜெப ஆலயம். குதிரை லாடம் போன்ற வளைவுகள், முகப்பில் பெரிய வட்ட ஜன்னல், அதற்குள் இஸ்ரவேலின் 12 கோத்திரங்களை நினைவூட்டும் 12 சிறு வட்டங்கள்.

1887ல் திறந்தது. கிழக்கு ஐரோப்பாவிலிருந்து பிழைக்க வந்த யூதர்கள் காசு சேர்த்துக் கட்டியது. வடிவமைத்த ஹெர்ட்டர் சகோதரர்கள் ஜெர்மனியிலிருந்து வந்த கத்தோலிக்கர்கள். அன்று அந்தத் தெருக்களில் எல்லாம் ஒண்டுக் குடித்தனம்தான். வெளிச்சமே வராத அறையில் ஒரு குடும்பம் சமைத்து, துணி தைத்து, அங்கேயே படுத்து எழுந்தது. அவர்கள் வார இறுதியில் இங்கே வந்து 70 அடி உயரக் கூரைக்குக் கீழே நின்றார்கள். உள்ளே பளிங்கு மாதிரித் தெரிவதில் பலதும் தூரிகையால் தீட்டியதுதான். அதைப் போலி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கையில் இருந்த காசுக்குக் கடவுளின் வீட்டை எவ்வளவு அழகாக்க முடியுமோ அவ்வளவு அழகாக்கியிருக்கிறார்கள்.

1924ல் வந்த குடியேற்றச் சட்டம் புதியவர்களின் வரவை அடைத்தது. இருந்தவர்களும் கொஞ்சம் வசதி வந்ததும் புரூக்ளினுக்கும் பிராங்க்ஸுக்கும் போய்விட்டார்கள். 1950களில் மேல் மண்டபத்தைப் பூட்டிவிட்டு, மிச்சமிருந்த சிலர் கீழ்த்தளத்தில் தொழுதார்கள். மேலே மழை ஒழுகியது, புறாக்கள் குடியேறின.

1986ல் தொடங்கிய சீரமைப்பு 2007ல் முடிந்தது. செலவு ஏறத்தாழ 2 கோடி டாலர். எனக்குப் பிடித்தது அவர்கள் செய்யாமல் விட்டதுதான். மரத்தரையில் வரிசை வரிசையாகப் பள்ளங்கள் இருக்கின்றன. நின்ற இடத்திலேயே முன்னும் பின்னும் அசைந்து தொழுதவர்களின் கால் பட்டுப் பட்டுத் தேய்ந்தவை. இழைத்துச் சமமாக்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? செய்யவில்லை. சுவரில் ஒரு பகுதியைப் பூசாமல், உள்ளிருக்கும் மரச்சட்டம் தெரிய விட்டிருக்கிறார்கள். "இவ்வளவு பணம் போட்டவர்கள் இதையும் முடித்திருக்கலாமே" என்றார் கூட வந்த நண்பர். முடித்திருந்தால் இங்கே முப்பது வருஷம் ஆளில்லை என்பதே யாருக்கும் தெரிந்திருக்காது என்றேன். இன்றும் அதைத்தான் சொல்வேன்.

கிழக்கு ஜன்னல் விஷயம் வேறு. பழைய ஜன்னல் போனபிறகு 1944ல் அந்த இடத்தைக் கண்ணாடிக் கட்டிகளால் அடைத்திருந்தார்கள். முதலில் அங்கே என்ன இருந்தது என்பதற்குப் பதிவே இல்லை. ஊகித்து ஒரு 'பழைய' ஜன்னல் செய்வது சுலபம். அதைச் செய்யாமல் கிகி ஸ்மித் என்ற கலைஞரிடமும் டெபோரா கான்ஸ் என்ற கட்டடக் கலைஞரிடமும் ஒப்படைத்தார்கள். 2010ல் வைத்த அந்த ஜன்னல் முழுக்க நீலம், அதில் பொன்னிற நட்சத்திரங்கள். மண்டபச் சுவரில் நூறு வருஷத்துக்கு முன் தீட்டிய நட்சத்திரங்களைத்தான் கண்ணாடிக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள்.