நெய்யில வதக்கினா கஞ்சா போதை போயிடுமா? இல்லீங்க, அப்பதான் ஏறும்

ஏற்காடு மலை மூலிகைன்னு ஒரு மெசேஜ் சேலம் வாட்ஸ்அப் குரூப்புல சுத்துது, கஞ்சாவ நெய்யில வதக்கிட்டா போதை செத்துருமாம், தூக்கம் வராத பெரியவங்களுக்கு பால்ல கலந்து கொடுக்கலாமாம். சுத்தப் பொய்ங்க. பச்சைச் செடில இருக்கறது பெரும்பாலும் டிஹெச்சிஏ (THCA)ங்கற வேதிப்பொருள், அதுக்கு போதை கிடையாது, சூடு பட்டா அதுல இருந்து கார்பன் டை ஆக்சைடு கழண்டுபோய் டிஹெச்சி (THC)ங்கற இன்னொரு பொருளா மாறிடும், போதை ஏத்துறதே அதான். தண்ணில சரியா கரையாத அது நெய்யில நல்லா கரையும், அப்ப அந்த வதக்கல் என்ன பண்ணுதுன்னு யோசிங்க.

அம்மாப்பேட்டைல எங்க பக்கத்து வீட்டு அக்கா இத நம்பி மாமியாருக்கு டம்ளர்ல பால் ஆத்திட்டே இருந்தாங்க, பாத்ததும் எனக்கு பகீர்னு ஆயிடுச்சு, வாங்கி கீழ ஊத்திட்டேன். சாப்பிட்டா ஏற அரை மணில இருந்து 2 மணி நேரம்கூட ஆகும், ஒண்ணும் ஆகலயேன்னு இன்னொரு டம்ளர் கொடுத்துருவாங்க, அதுக்குள்ள ஈரல் அத இன்னும் கடுமையான 11-ஹைட்ராக்சி டிஹெச்சியா மாத்திட்டு இருக்கும். வயசானவங்களுக்கு படபடப்பு, குழப்பம், தலைசுத்தி விழறது எல்லாம் வரும். 1985 போதைப்பொருள் சட்டப்படி கஞ்சா வச்சிருந்தாலே கேஸ், அது வேற. யாராச்சும் ஏற்கெனவே குடிச்சு ஒரு மாதிரி இருந்தா 108க்கு போடுங்க, கொடுத்தத டாக்டர்கிட்ட மறைக்காதீங்க.