குடையும் மேஜையும் வைத்து நடக்கும் தொழில்

நைஜீரியர்களுக்கான புது வருமான வழிகள் என்ற உங்கள் கட்டுரையில் ஃப்ரீலான்ஸ், யூடியூப் எல்லாம் விரிவாக வந்திருக்கிறது, சரி, ஆனால் பிஓஎஸ் தொழிலை, அதாவது கார்டு மெஷின் வைத்துப் பணம் எடுத்துத் தரும் தொழிலை, ஒரே வரியில் முடித்துவிட்டீர்களே. நான் லாகோஸில் சில வருடம் வேலை பார்த்தவன். எங்கள் தெருமுனையில் ஒரு அக்கா பெரிய குடை, பிளாஸ்டிக் மேஜை, கையடக்க மெஷின் இவ்வளவுதான் வைத்திருந்தார். கார்டைச் செருகினால் மடியில் இருக்கும் பையிலிருந்து பணத்தை எண்ணித் தருவார், அதற்கு ஒரு சின்னக் கட்டணம். 2023 தொடக்கத்தில் பழைய 200, 500, 1000 நைரா நோட்டுகளை மாற்றச் சொல்லிவிட்டுப் புது நோட்டு போதுமான அளவு வராதபோது, ஏடிஎம் வரிசையில் நின்று வெறுங்கையோடு திரும்பியவர்கள் கடைசியில் இப்படிப்பட்ட குடைகளைத் தேடித்தான் ஓடினார்கள், கட்டணமும் எக்கச்சக்கமாக ஏறிவிட்டது.

அப்புறம் டாலர் வருமானம். 2023 ஜூனுக்கு முன் ஒரு டாலர் சுமார் 460 நைரா, 2024-இல் 1,500-ஐத் தாண்டியது. வெளிநாட்டு வேலை எடுத்துச் செய்கிறவர்களுக்கு இது பெரிய கை கொடுத்தது உண்மைதான். ஆனால் கரண்ட் போனால் ஜெனரேட்டர்தானே, 2023 மே மாத இறுதியில் பெட்ரோல் மானியம் போனதும் 200-க்குள் இருந்த லிட்டர் பெட்ரோல் 500 நைராவை ஒட்டிப் போய்விட்டது, அந்தச் செலவைக் கழிக்காமல் லாபக் கணக்கு எழுதுவது சரியில்லை. சோலார் பேனல் மாட்டித் தரும் பையன்களுக்கு வேலை குவிவதும் இதனால்தான், அடுத்த கட்டுரையில் அவர்களைப் பற்றி அவசியம் எழுதுங்கள்.