ஆறு ரூபாய் எழுபத்தெட்டு காசு

அந்த வீடியோவைப் பார்க்காதவர்கள் யாரும் இங்கே இருக்க மாட்டீர்கள். மூன்று நாளாக எல்லா வாட்ஸ்அப் குரூப்பிலும் அதுதான் ஓடுகிறது. எங்கள் தெரு குரூப்பில் மட்டும் நாலு பேர் போட்டுவிட்டார்கள், அதில் ஒருவர் சத்துணவு சாப்பிட்டே பத்தாவது வரை வந்தவர். ஆரோக்கிய சேனல் நடத்துகிற ஒருவர், பள்ளிக்கூடத்துத் தட்டில் இருக்கிற சாம்பார் சாதத்தைக் கரண்டியால் கிளறிக் கிளறிக் காட்டி, காய் எங்கே, புரோட்டீன் எங்கே, இதைத்தான் நம் குழந்தைகளுக்குப் போடுகிறார்கள் என்று பேசிவிட்டு, கடைசியில் கேமராவைத் திருப்பி, சமைத்த சத்துணவு ஆயாவின் முகத்தைக் காட்டினாரே, அதைத்தான் சொல்கிறேன். பெயர் சொல்ல மாட்டேன். சொன்னால் அவருக்கு இன்னும் பத்தாயிரம் வியூஸ்.

முதலிலேயே ஒத்துக்கொள்கிறேன், தட்டைப் பற்றி அவர் சொன்னது பொய் இல்லை. சோறு அதிகம், காய் குறைவு, சாம்பார் தண்ணி. (தட்டின் ஓரத்தில் ஒரு முட்டை இருந்ததை அவருடைய கேமரா கவனிக்கவே இல்லை, அது வேறு விஷயம்.) அவர் சொன்னது உண்மையாக இருப்பதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். சரியான கேள்வியைத் தப்பான ஆளிடம் போய்க் கேட்டிருக்கிறார்.

சரி, கணக்குக்கு வருவோம். ஒன்றிய அரசின் மதிய உணவுத் திட்டத்துக்கு பி.எம். போஷன் என்று 2021-ல் பெயர் மாற்றினார்களே, அந்தத் திட்டத்தில் ஐந்தாம் வகுப்பு வரை படிக்கிற ஒரு குழந்தையின் ஒருவேளைச் சாப்பாட்டுக்கு ஒதுக்கீடு ஆறு ரூபாய் எழுபத்தெட்டு காசு. ஆறிலிருந்து எட்டு வரை என்றால் பத்து ரூபாய் பதினேழு காசு. அரிசி தனியாக வந்துவிடும். மற்ற எல்லாமே, பருப்பு, காய், எண்ணெய், உப்பு புளி மிளகாய், அடுப்புக்கு கேஸ் வரை, இந்த ஆறு ரூபாய் எழுபத்தெட்டு காசுக்குள். அதிலும் ஒன்றியத்தின் பங்கு நூற்றுக்கு அறுபது, அதாவது நாலு ரூபாய் சொச்சம். மீதி மாநிலத்தின் தலையில். இதுகூட 2025 மே மாதத்தில் ஏற்றிய பிறகு உள்ள தொகை. 2022 அக்டோபரிலிருந்து இரண்டு வருஷத்துக்கு மேல் 5 ரூபாய் 45 காசிலேயே நிறுத்தி வைத்திருந்தார்கள். அந்த இரண்டு வருஷத்தில் தக்காளி என்ன ஆட்டம் ஆடியது என்று உங்களுக்கே தெரியும்.

இந்த ஆறே முக்கால் ரூபாய்க்குள் ஒரு குழந்தைக்கு 20 கிராம் பருப்பு, 50 கிராம் காய், 5 கிராம் எண்ணெய் போட்டு, 450 கலோரியும் 12 கிராம் புரதமும் வர வைக்க வேண்டும் என்பது விதி. எங்கள் ராயபுரத்தில் ஒரு டீ பன்னிரண்டு ரூபாய், சில கடையில் பதினைந்து. ஒரு முட்டை ஆறு ஏழு ரூபாய். அதாவது அந்தக் காசில் ஒரு முட்டையை வாங்கிவிட்டால், பருப்புக்கும் காய்க்கும் கேஸுக்கும் சேர்த்து மீதி இருப்பது சில்லறை. தமிழ்நாட்டுத் தட்டில் முட்டை இருக்கிறது என்றால் அது மாநிலம் தன் கையிலிருந்து போடுகிற காசு. போட முடியாத, அல்லது போட மனசில்லாத மாநிலங்களில் அந்த முட்டையும் இல்லை. மகாராஷ்டிராவில் 2023 கடைசியில் ஆரம்பித்தார்கள், 2025 ஜனவரியில் பணத்தை நிறுத்திவிட்டு, வேண்டுமென்றால் பொதுமக்களிடம் நன்கொடை வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். குழந்தைக்கு முட்டை கொடுக்க உண்டியல் குலுக்கச் சொல்கிற நாடு நம்முடையது.

இப்போது சொல்லுங்கள் அண்ணே, காய் எங்கே என்று யாரிடம் கேட்டிருக்க வேண்டும்? கரண்டி பிடித்த கையிடமா, காசு அளந்த கையிடமா?

உடனே ஒரு கூட்டம் வரும், எனக்குத் தெரியும். 'வரிப்பணம் சார், எல்லாம் எங்கள் வரிப்பணம்.' 2025-26 ஒன்றிய பட்ஜெட்டில் இந்தத் திட்டத்துக்கு ஒதுக்கியது 12,500 கோடி. கேட்கப் பெரிதாகத்தான் இருக்கிறது. திட்டத்தின் கீழ் வருகிற குழந்தைகள் 11 கோடிக்கு மேல். வகுத்துப் பாருங்கள், ஒரு குழந்தைக்கு ஒரு வருஷத்துக்கு ஆயிரத்து நூற்றுச் சொச்சம். ஞாயிற்றுக்கிழமை ஒரு பக்கெட் பிரியாணிக்கு நீங்கள் கூகுள் பேயில் தட்டிவிடுகிற காசு அது. அப்புறம், அந்த ஆயாவும் சோப்புக்கும் பிஸ்கட்டுக்கும் ஜி.எஸ்.டி. கட்டித்தான் வாங்குகிறாள்.

'அம்மாக்கள் கொஞ்சம் சீக்கிரம் எழுந்து சிறுதானியத்தில் ஏதாவது செய்து கொடுத்தனுப்பலாமே' என்று அந்த வீடியோவில் ஒரு வரி வந்தது பாருங்கள், அங்கேதான் எனக்குப் பொறுமை போனது. இன்னும் எவ்வளவு சீக்கிரம் எழ வேண்டும்? காசிமேட்டில் விடியற்காலை மூன்று மணிக்கு ஏலத்துக்கு நிற்கிற பெண்கள் தூங்கவே இல்லை, எழுவது எங்கே? கூடையைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாகப் போய் மீனை விற்று முடித்து வீட்டுக்கு வரும்போது பிள்ளை பள்ளிக்கூடம் போய் மூன்று மணி நேரம் ஆகியிருக்கும். கொருக்குப்பேட்டையிலிருந்து அடுத்தவர் வீட்டுச் சமையலுக்கு மூலக்கொத்தளம் தாண்டிப் போகிறவர்கள், அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு டிபன் பாக்ஸ் கட்டிவிட்டுத்தான் திரும்புகிறார்கள். அவர்களிடம் போய்த் தினை, சாமை, குதிரைவாலி. கிலோ என்ன விலை என்று கேட்டுவிட்டு வந்து அறிவுரை சொல்லுங்கள். சிறுதானியம் கெட்டது என்று நான் சொல்லவில்லை. யார் காசில் என்றுதான் கேட்கிறேன்.

மாநகராட்சிப் பள்ளியில் காலை உணவு வந்த பிறகு என் பக்கத்து வீட்டுப் பையன் மணி எட்டு அடிப்பதற்குள் குளித்து நிற்கிறான், பொங்கல் போடுகிற நாள் என்றால் ஏழரைக்கே. 2022 செப்டம்பரில் மதுரையில் ஆரம்பித்தது. தேசிய கல்விக் கொள்கை 2020 என்று ஒன்று போட்டார்களே, அதிலும் பள்ளியில் காலை உணவு தர வேண்டும் என்று எழுதியிருக்கிறது. எழுதியிருக்கிறது, அவ்வளவுதான். நாடு முழுக்கப் போடுவதற்கு டெல்லி தனியாகக் காசு ஒதுக்கவில்லை. பிள்ளை பசியோடு வந்தால் பாடம் ஏறாது என்பது அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது என்பதற்கு எழுத்துப்பூர்வமான சாட்சி என்று வேண்டுமானால் அதை வைத்துக்கொள்ளலாம்.

'ஊழல் இல்லையா?' இருக்கிறது. வெளியே விற்றுவிடக் கூடாது என்றுதான் முட்டையில் சீல் குத்துகிறார்கள் என்று எனக்கும் தெரியும். பிடியுங்கள், உள்ளே போடுங்கள், நான் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் வீடியோவில் காட்டியது டெண்டர் எடுத்தவர் முகத்தை இல்லையே.

'நீ கட்சிக்காரன், அதான் பேசுகிறாய்.' எந்தக் கட்சி என்று நீங்களே சொல்லிவிடுங்கள். 1920-ல் ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில், ஒரு பிள்ளைக்கு ஒரு அணாவுக்கு மிகாமல் சாப்பாடு என்று தீர்மானம் போட்டது நீதிக்கட்சியின் தியாகராயர். பழைய வண்ணாரப்பேட்டையில் அவர் பெயரில் கல்லூரி இருக்கிறதே, அவரேதான், நம் ஏரியாக்காரர். 1925-ல் வெள்ளைக்காரன் அந்தச் செலவை ஆரம்பக் கல்வி நிதியில் எழுதக் கூடாது என்று நிறுத்தினான். நூறு வருஷத்துக்கு முன்னாலும் இதே பேச்சுதான், எந்தக் கணக்கில் எழுதுவது என்று. அப்புறம் 1956-ல் காமராஜர், எட்டயபுரத்தில். 1982-ல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக்கினார். 1989-ல் கலைஞர் முட்டை வைத்தார். ஜெயலலிதா காலத்தில் கலவை சாதமும் மசாலா முட்டையும். இப்போது காலை உணவு. ஒருவரை ஒருவர் பிடிக்காத இத்தனை பேரும் இந்த ஒரு அடுப்பை மட்டும் அணைக்கவில்லை. இதில் எனக்கு எந்தக் கட்சிக் கொடியைக் கட்டப் போகிறீர்கள்?

சொல்லக் கூடாது என்றுதான் நினைத்தேன், ஆனால் சொல்லிவிடுகிறேன். என் அம்மா சத்துணவு ஆயா.

ஹார்பரில் வேலை செய்த அப்பா 1985-ல் போய்விட்டார். அடுத்த வருஷம் அம்மாவுக்கு வியாசர்பாடிப் பக்கம் ஒரு பள்ளியில் சமையல் உதவியாளர் வேலை. கணவனை இழந்த பெண்களுக்கு முன்னுரிமை என்பதால் கிடைத்தது. அப்போது கேஸ் எல்லாம் இல்லை, விறகுதான். ஈர விறகு வந்த நாளில் அம்மா கண்ணைப் பார்க்கவே முடியாது. அண்டாவை இறக்கும்போது ஆவி அடித்த தழும்பு இடது முழங்கையில் இன்னும் இருக்கிறது. நானும் அதே பள்ளிதான். என் அம்மா சமையல்கூடத்தில் இருப்பதால் எனக்கு இரண்டு கரண்டி கூட விழும் என்று வகுப்பில் எல்லோரும் நினைத்தார்கள். விழுந்ததே இல்லை. நாக்கில் நரம்பில்லாமல் யாரும் பேசிவிடக் கூடாது என்று அம்மா என்னை எப்போதும் வரிசையில் கடைசி ஆளாகத்தான் நிறுத்துவாள்.

1989-ல் முட்டை வந்தது. அப்போது இரண்டு வாரத்துக்கு ஒன்று. நான் ஐந்தாம் வகுப்பு. முதல் முட்டை நாள் அன்று பள்ளிக்கூடமே திருவிழா மாதிரி இருந்தது, வராத பிள்ளைகள் எல்லாம் வந்துவிட்டார்கள். தலையை எண்ணிக் கொடுத்த முட்டை, அதில் ஒன்று வேகும்போதே வெடித்து அண்டாவில் கரைந்துவிட்டது. ஒன்று குறைகிறது. வரிசையில் கடைசி ஆள் நான். அம்மா என் தட்டில் சோற்றைப் போட்டாள், குழம்பை ஊற்றினாள், என் முகத்தைப் பார்க்காமல் 'போ' என்றாள். அன்றைக்கு நான் சாப்பிடவில்லை, தட்டோடு குழாயடியில் கொட்டிவிட்டேன். அதற்கும் அடி வாங்கினேன். அடுத்த முட்டைக்குப் பதினாலு நாள், ஒவ்வொரு நாளாக எண்ணினேன்.

ஒரு முட்டைக்குக் கணக்குப் பார்த்துத் தன் பிள்ளையை வெறும் தட்டோடு அனுப்பியவளைப் போல ஒருத்தியின் முகத்துக்கு நேரே செல்போனை நீட்டி, கமெண்டில் ஆயிரம் பேர் 'திருட்டு ஆயா', 'பருப்பை வீட்டுக்கு எடுத்துப் போயிருப்பா' என்று எழுத, அதற்கு அவர் சிரிப்பு எமோஜி போடுகிறார். தட்டைப் பற்றிப் பேசுங்கள், நன்றாகப் பேசுங்கள். பேசவே கூடாது என்று நான் எங்கே சொன்னேன்? சரி, சொன்ன மாதிரிதான் இருக்கிறது, கோபத்தில் எழுதுகிறேன். ஆனால் அந்தம்மாவின் முகம் எதற்கு? அனுமதி கேட்டீர்களா? பெரிய தனியார் பள்ளி கேன்டீனில் இப்படிக் கேமராவைத் தூக்கிக்கொண்டு போக விடுவார்களா? கேட்டிலேயே செக்யூரிட்டி கழுத்தைப் பிடித்துத் தள்ளியிருப்பான். மாநகராட்சிப் பள்ளிக்கூடம் என்றால் யார் வேண்டுமானாலும் உள்ளே போகலாம், யார் முகத்தை வேண்டுமானாலும் காட்டலாம்.

சம்பளம் தெரியுமா உங்களுக்கு? ஒன்றியத் திட்டத்தில் சமைப்பவருக்கு மாதம் ஆயிரம் ரூபாய், அதுவும் வருஷத்தில் பத்து மாதம்தான். 2009-ல் வைத்த தொகை. அதிலும் ஒன்றியத்தின் பங்கு அறுநூறு. சம்பளம் என்றுகூடச் சொல்ல மாட்டார்கள், மதிப்பூதியம். என்ன மதிப்போ. தமிழ்நாட்டில் மாநிலம் தன் காசில் கூடுதலாகத் தருகிறது, அதுவும் போதவில்லை என்றுதான் அவர்கள் வருஷா வருஷம் ரோட்டில் உட்கார்ந்து காலமுறை ஊதியம் கேட்கிறார்கள். அந்தப் போராட்டத்தை எந்த ஆரோக்கிய சேனலாவது ஒரு நிமிஷம் காட்டியதா? சுகர், பிரஷர், மூட்டுவலியோடு இருபது கிலோ அரிசி வடிக்கிறவர்களின் ஆரோக்கியம் உங்கள் சேனலில் வராதா?

எங்கேயோ ஆரம்பித்து எங்கேயோ போய்விட்டேன். பரவாயில்லை. திரும்பவும் ஆறு ரூபாய் எழுபத்தெட்டு காசு. அதை இருபது ஆக்கச் சொல்லி ஒரு வீடியோ போடுங்கள், உங்கள் எம்.பி.யை டேக் செய்து, நிதியமைச்சகத்தை டேக் செய்து. நானே முதல் ஆளாக ஷேர் செய்கிறேன். போட மாட்டீர்கள். காசைப் பற்றிப் பேசினால் புரோட்டீன் பவுடர் விளம்பரம் வராது.

நேற்று ராத்திரி என் மகள் அந்த வீடியோவைப் பாட்டியிடம் காட்டிவிட்டாள். நான் தடுப்பதற்குள் பார்த்துவிட்டார்கள். அம்மாவுக்கு வயது எழுபதுக்கு மேல், கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தடவை பார்த்தாள். கத்துவாள் அல்லது அழுவாள் என்று நினைத்தேன்.

'பருப்பு இன்னும் ஒரு கொதி வெந்திருக்கணும்டா' என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, 'கூட ஒரு ஆள் இல்ல போலிருக்கே. எத்தனை பிள்ளைங்களுக்குத் தனியா வடிக்கிறா?'

காலை ஆறு மணி ஷிப்ட். கமெண்டுகளுக்கு மதியத்துக்கு மேல்தான் பதில் சொல்வேன். அந்த வீடியோ லிங்க்கை இங்கே கொண்டுவந்து ஒட்டினால் பிளாக்.