டேர்ன் பேஸ்ட் கேமுகளின்ர காலம் முடியேல்ல
முறை வச்சு அடிக்கிற டேர்ன் பேஸ்ட் கேமுகளின்ர காலம் முடிஞ்சுது, இப்பத்தப் பெடியளுக்கு அது நித்திரை வரப்பண்ணும் எண்டு கட்டுரையில எழுதியிருக்கிறியள், எனக்கெண்டா அது கொஞ்சமும் சரியாப் படேல்ல, ஏனெண்டா 2023இல த கேம் அவார்ட்ஸில வருசத்தின்ர சிறந்த கேம் எண்டு எடுத்த பால்டர்ஸ் கேட் 3 டேர்ன் பேஸ்ட்தான், 2025இல அதே விருதை எடுத்த எக்ஸ்பெடிஷன் 33உம் அந்த வகைதான். நான் இப்பதான் எக்ஸ்பெடிஷன் 33 முடிச்சனான், எங்கட முறை வரேக்க ஆறுதலா யோசிக்கலாம், ஆனா எதிரியின்ர முறையில சும்மா பாத்துக்கொண்டு இருக்கேலாது, ஒவ்வொரு அடிக்கும் சரியான நேரத்தில விலகோணும் இல்லாட்டித் தடுக்கோணும், வாற அடி எல்லாத்தையும் தடுத்திட்டா எங்கட ஆள் திருப்பி ஒண்டு குடுக்கும் பாருங்கோ, அந்தச் சந்தோசம் துவக்கால சுடுற கேம் ஒண்டிலயும் எனக்குக் கிடைக்கேல்ல. கதையும் அப்பிடித்தான், வருசாவருசம் ஒரு இலக்கம் எழுதப்பட அந்த வயசுச் சனம் பூவிதழாக் கரைஞ்சு போகுது, தொடக்கத்திலயே மனம் கனத்துப்போச்சு. மேல கருத்தில, வேலைக்குப் போறவனுக்கு உதுக்கு நேரம் எங்க எண்டு கேட்ட தம்பி, எதிர்மாறு ராசா, யாழ்ப்பாணத்தில இருந்து ஒன்லைன் கேம் விளையாடேக்க பிங் (இன்ரநெட் தாமதம்) ஏறினா நாங்கள் சுட முந்தியே செத்துப்போவம், எக்ஸ்பெடிஷன் 33இல இன்ரநெட் லைன் விழுந்தாலும் பிரச்சினை இல்லை, அம்மா சாப்பிடக் கூப்பிட்டா எங்கட முறையில அப்பிடியே விட்டிட்டு எழும்பலாம், ஒருத்தரும் அடிக்கமாட்டினம், ஸ்டோரி எண்ட லேசான லெவலில தொடங்கிப் பாரும்.