முழத்துண்டு கேட்ட அரிச்சந்திரனும் பதினான்கு பொன்னாடைகளும்

அழைப்பிதழில் ‘மாலை 5.30 மணிக்குச் சரியாக’ என்று அச்சடித்திருந்தார்கள். அந்தச் ‘சரியாக’வுக்கு யாழ்ப்பாணத்தில் என்ன பொருள் என்பது தெரிந்திருந்தும், எழுபத்தாறு வயது அம்மாவை ஓட்டோவில் ஏற்றி ஐந்தே காலுக்கே மண்டபத்தில் கொண்டுபோய் இருத்தினேன். அரிச்சந்திரன் சுடலை காக்கிற கதையைப் பாட்டாக நடிக்கும் மயான காண்டம் என்றால் அம்மா அப்படித்தான். காங்கேசன்துறை வி. வி. வைரமுத்து அரிச்சந்திரனாக நின்று பாடியதைக் கோயில் வீதி மணலில் சாக்கு விரித்துக் கண்விழித்துப் பார்த்தவர். பிந்திப் போனால் முன்னுக்கு இடம் கிடைக்காது என்று மூன்று மணிக்கே சேலை உடுத்திவிட்டார்.

முன்னுக்கு இடம் இருந்தது. முதல் மூன்று வரிசையும் வெறுமையாகத்தான் கிடந்தன. உட்காரத்தான் விடவில்லை. கதிரைகளின் முதுகில் ‘விருந்தினர்’ என்று தாள் ஒட்டியிருந்தது. அந்த விருந்தினரில் பாதிப்பேர் கடைசிவரை வரவேயில்லை. அம்மா நான்காவது வரிசையில் இருந்து, ஆளில்லாத கதிரைகளுக்கு மேலால் கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆறு மணி ஆனது. ஆறரை ஆனது. திரைக்குப் பின்னால் ஆர்மோனியக்காரர் சுருதி பார்ப்பதும் நிறுத்துவதுமாக இருந்தார். ‘பிரதம விருந்தினர் வந்துகொண்டிருக்கிறார்’ என்று ஒலிவாங்கியில் மூன்று முறை சொன்னார்கள். மனிதர் இருப்பது இதே நகரத்தில். நெடுந்தீவிலிருந்து படகேறியிருந்தால்கூட அதற்குள் கரை சேர்ந்திருப்பார். ஏழு பத்துக்கு வந்தார். வாசலில் மேளம், மாலை, படப்பிடிப்பு. குத்துவிளக்கில் ஐந்து திரி, ஏற்றுவதற்குப் பதினொரு பேர். மின்விசிறிக் காற்றில் அணைந்த திரியை ஒருவர் மறுபடி ஏற்ற, தன் திரியை அவர் பறித்துவிட்டார் என்று இன்னொருவர் முகத்தைத் தூக்கிக்கொண்டார்.

பிறகு உரைகள். வரவேற்புரை, தலைமையுரை, ஆசியுரை, வாழ்த்துரை, இன்னொரு வாழ்த்துரை. ‘நேரத்தின் அருமை கருதிச் சுருக்கமாகப் பேசுகிறேன்’ என்று தொடங்கியவர்தான் ஆக நீளமாகப் பேசினார். அழிந்துவரும் இசை நாடகக் கலையைக் காப்பாற்ற வேண்டும் என்று இருபத்தைந்து நிமிடம் முழங்கினார். அந்தக் கலை அப்போது அவருக்குப் பின்னால், பத்தடி தூரத்தில், முகப்பூச்சு வியர்வையில் கரையக் காத்து நின்றது. உரைகளுக்கு இடையில் பொன்னாடை. போர்த்தியவருக்கு ஒரு பொன்னாடை, அவருக்குப் போர்த்தியவருக்கும் ஒன்று. பதினான்கு என்று அம்மா எண்ணிச் சொன்னார். அவருக்கு வேறு என்ன வேலை இருந்தது?

எட்டு ஐம்பதுக்கு நாடகம். ஒன்பதரைக்கு மண்டபத்தைப் பூட்ட வேண்டுமாம்.

ஆனாலும் சந்திரமதி பிள்ளையின் உடலைக் கையில் ஏந்திக்கொண்டு பாடத் தொடங்கியதும் மண்டபம் அடங்கிவிட்டது. கைபேசியில் கிடந்தவர்கள்கூட நிமிர்ந்தார்கள். அரிச்சந்திரன் கோலை ஊன்றி வந்து, சுடலைக்கு உரிய கால் பணத்தையும் முழத்துண்டையும் கேட்டான். அவளிடம் ஏது முழத்துண்டு? மேடையின் ஓரத்துக் கதிரைகளில் பதினான்கு பொன்னாடைகள் குவிந்து கிடந்தன. யாராவது ஒன்றை எடுத்துக் கொடுத்திருக்கலாம்.

அடுத்ததுதான் இடம். கணவன் கண்ணுக்கு மட்டும் தெரிகிற தாலி அவன் கண்ணில் பட வேண்டும், அவள் யார் என்று அவன் அறிய வேண்டும். அதற்காகத்தானே ஊர்ச்சனம் ஒரு காலத்தில் பனியில் விழித்துக் கிடந்தது! அந்த நேரம் பார்த்துப் பக்கத் திரைக்குள்ளிருந்து ஒரு கை வெளியே நீண்டது. மணிக்கட்டுக் கடிகாரத்தை இரண்டு தரம் தட்டிக் காட்டியது. அரிச்சந்திரனாக நின்ற முதியவர் அதைக் கண்டார். பாட்டை நடுவில் விட்டுவிட்டுச் சபையைக் கும்பிட்டார். திரை விழுந்தது. நன்றியுரைக்கு மட்டும் பத்து நிமிடம் எங்கிருந்தோ கிடைத்துவிட்டது.

தமிழர் என்றால் நேரம் தவறுவார்கள் என்று யாரும் சமாதானம் சொல்ல வர வேண்டாம். நல்லூர்க் கந்தசுவாமி கோயிலில் வந்து சொல்லட்டும். இருபத்தைந்து நாள் திருவிழா, ஒவ்வொரு பூசையும் மணி பிசகாது. அமைச்சர் வந்தாலும் தனி மரியாதை கிடையாது, சேட்டைக் கழற்றிவிட்டுக் கூட்டத்தோடு நிற்க வேண்டியதுதான். அர்ச்சனைச் சீட்டு எல்லோருக்கும் ஒரு ரூபாய். 1904இல் தொடங்கிய ‘வடக்கின் பெருஞ்சமர்’ கிரிக்கெட் போட்டியில் மத்திய கல்லூரியும் சென் ஜோன்ஸும் மோதும்போது, யாருக்காவது பொன்னாடை போர்த்த வேண்டும் என்று நாணயச் சுழற்சியைப் பொழுதுபடும்வரை தள்ளிவைப்பார்களா? ஊரே மைதானத்துக்குள் இறங்கிவிடும். நேரம் பார்க்கத் தெரிந்த ஊர்தான் இது. நாடகம் பார்க்க வந்தவனுடைய நேரத்தைத்தான் ஒருவரும் கணக்கில் எடுப்பதில்லை. (கிராமத்து உதைபந்தாட்ட இறுதிப் போட்டிகளுக்கும் இந்த வியாதி தொற்றிவிட்டது. விருந்தினர் இரண்டு அணிக்கும் கைகொடுத்து முடிய, பந்து கண்ணுக்குத் தெரியாத இருட்டு.)

‘இலவசம்தானே’ என்று பக்கத்தில் இருந்தவர் சொன்னார். அப்படியானால் டிக்கெட் போடுங்கள், ஐயா. வாங்குகிறோம். மண்டபத்துக்கும் இந்த ஊரில் பஞ்சமில்லை. பொது நூலகத்துக்குப் பக்கத்தில் இந்தியா கட்டித் தந்து, 2023இல் கையளித்த கலாசார மையம் வானத்தைத் தொட நிற்கிறது. கௌரவிப்பு விழா வைக்க ஆசையென்றால் அதைத் தனியாக, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வையுங்கள். எத்தனை பேர் வருகிறார்கள் என்று பார்ப்போம். வர மாட்டார்கள் என்று உங்களுக்கும் தெரியும். அதனால்தான் அரிச்சந்திரனைக் கட்டிப் பிடித்துவந்து ஆள் சேர்க்கிறீர்கள்.

வெளியே வந்தபோது பத்து மணியாகப் போனது. கொத்து ரொட்டிக் கடையிலும் கல்லைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். எட்டரைக்கு வரச் சொன்ன ஓட்டோ அதே இடத்தில் நின்றது. ஏறி உட்கார்ந்த அம்மா, “தாலி தெரிகிற இடம் வரவேயில்லையே தம்பி?” என்றார். என்ன சொல்வது?

வீட்டு வாசலில் ஓட்டோக்காரர் காத்திருப்புக் கூலி முந்நூறு ரூபாய் சேர்த்துக் கேட்டார். மறுபேச்சில்லாமல் கொடுத்தேன். அன்றைக்குக் காத்திருந்த அத்தனை பேரிலும் அதற்கு ஏதாவது கிடைத்தது அவருக்கு மட்டும்தான்.