எல்லாவற்றையும் தடித்த எழுத்தில் போட்டால் எதுவும் கண்ணில் படாது

ஒரு கூட்டத்துக்காக நான் வடிவமைத்துக் கொடுத்த சுவரொட்டியை, ஏற்பாட்டாளர்கள் என்னைக் கேட்காமலே மாற்றி அச்சிட்டுவிட்டார்கள். நான் அமைத்துக் கொடுத்ததில் நிகழ்ச்சியின் தலைப்பு மட்டும் பெரிதாக இருந்தது. நாளும் இடமும் அடுத்த அளவில், மற்றவை சிறிதாக. அச்சாகி வந்ததில் எல்லாமே தடித்த எழுத்து, எல்லாமே ஆரஞ்சுப் பின்னணியில் சிவப்பு. கேட்டால், "உங்கள் எழுத்துப் பரிசோதனைக்கு நாங்கள்தான் கிடைத்தோமா?" என்கிறார்கள்.

ஆமாம், பரிசோதனைதான். ஒரே வாசகத்தைப் பல அளவிலும் பல தடிமனிலும் அமைத்து, தள்ளி நின்று, கண்ணைச் சுருக்கிப் பார்த்தேன். எது முதலில் தெரிகிறது, எது அடுத்து என்று அப்படித்தான் பிடிபடும். எல்லாவற்றையும் தடித்துப் போட்டால் எதுவுமே முதலில் தெரியாது. ஆங்கிலத்தில் இருப்பதுபோலப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பிரிவு தமிழில் இல்லை. அளவு, தடிமன், வெற்றிடம் இவற்றால்தான் முக்கியமானதை எடுத்துக் காட்ட முடியும். அவை அத்தனையையும் பறித்துவிட்டார்கள்.

"இடத்தை வீணாக்கினீர்கள்" என்று ஒரு குற்றச்சாட்டு. வரிகளுக்கு நடுவில் இருப்பது வீண் இடமா? மேல் வரியின் 'று' கீழே இறங்கும். கீழ் வரியின் 'கீ' மேலே சுழிக்கும். இடைவெளி இல்லாவிட்டால் இரண்டும் முட்டிக்கொள்ளும். நான் தொழில் பழகிய அச்சகத்தில் மூத்த அச்சுக்கோப்பவர் ஒருவர் இருந்தார். வரிக்கு வரி இடைவெளிக்கான ஈயத் தகடு செருகாமல் பக்கத்தைக் கட்ட விடமாட்டார். அவசரம் என்று முதலாளி கத்தினாலும், "படிக்கிறவன் மூச்சுவிட வேண்டாமா?" என்பார். அவருடைய கவனத்தை யாரும் வீண்வேலை என்று சொன்னதில்லை.

"இதெல்லாம் ரசனை சார்ந்தது" என்பார்கள். இல்லை. இணையப் பக்கங்களுக்கான அணுகல் நெறிமுறைகள் சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5:1 ஒளி வேறுபாடு கேட்கின்றன. பார்வை மங்கியவர்களும் படிக்க வேண்டும் என்பதற்காக வகுத்த அளவு அது. ஆரஞ்சின்மேல் சிவப்பு அதன் பக்கத்தில்கூட வராது. "காசு கொடுப்பவர் கேட்டதைச் செய்" என்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. அதற்கு என்னை அழைத்திருக்கவே வேண்டாம்.

என்னை உண்மையில் வருத்தியது வேறொன்று. அதே சுவரொட்டியில் இருந்த ஆங்கில வரியை ஒருவரும் தொடவில்லை. நல்ல எழுத்துருவில், போதிய இடைவெளியோடு அப்படியே இருக்கிறது. தமிழைத்தான் பக்கவாட்டில் நசுக்கி இடத்துக்குள் திணித்திருக்கிறார்கள். 'ஞ', 'ணு' ஆகியவற்றின் சுழிகள் அடைத்துப்போய்ப் பொட்டாகத் தெரிகின்றன. தமிழின் பெருமையைப் பேசக் கூடுகிற கூட்டத்துக்கான சுவரொட்டி இது! தமிழ் வரியைப் படிக்க முடியவில்லை என்று சொன்னதற்கு எனக்குத் திமிராம். சொல்லிக்கொள்ளட்டும். இனி என் வடிவத்தில் ஒரு புள்ளியைக்கூட என்னைக் கேட்காமல் மாற்ற மாட்டோம் என்று எழுதி வாங்கிக்கொண்ட பிறகுதான் வேலையைத் தொடங்குவேன்.